இரண்டாவது தடவை கேட்காதவர்

"உங்க கடை விளம்பர வேலையையும் நானே பாத்துக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

"சரி."

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த அந்தப் பேச்சில் நஸ்தித்தியால் இன்னும் மன்னிக்க முடியாமல் இருந்தது அந்தக் கடைசி வார்த்தையைத்தான். அதுகூட இல்லை, ஹாலிம் அதைச் சொன்ன வேகத்தை. "சரி" என்றார், டீயைக் குடித்தார், மீதமிருந்த வறுவலைத் தின்றார், மழை பிடிக்கும் முன் போகவேண்டும் என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டாவது தடவை அவர் கேட்டால் சொல்வதற்காக அவள் மனதில் எடுத்துவைத்திருந்த "உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா சரி" என்ற வாக்கியம் அன்று முதல் அங்கேயே கிடந்தது.

ஜாவாத் தீவில் இருக்கும் சிங்கோசாரியில் யாரும் முதல் தடவை கேட்டவுடன் எதற்கும் ஒப்புக்கொள்வதில்லை. டீ குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டால் எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்கும்போது டீ ஏற்கெனவே சர்க்கரை போட்டு மேசைக்கு வந்திருக்கும். கேட்பவருக்கும் தெரியும், மறுப்பவருக்கும் தெரியும். ஜாவாவில் பிறந்த குழந்தைக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஹாலிம் ஹராஹாப் பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில், பத்தாக்கு இனத்தவர் ஊரில். அங்கே டீ குடிக்கிறீர்களா என்று கேட்டால், "குடிக்கிறேன், சர்க்கரை கம்மியா" என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பக்கத்துத் தெருவுக்கும் கேட்கிற குரலில் உண்மையைப் பேசி வளர்ந்த மனிதர். ஜகார்த்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, குளிர்ந்த காற்றுக்கு ஆசைப்பட்டு மலாங் நகரத்துக்கு வந்து ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். நஸ்தித்தியின் கடைக்கு வறுவல் பைகளை அச்சடித்துத் தருவது அவர்தான். வியாழக்கிழமைதோறும் பைக்கட்டோடு வருவார். ஒரு டீ, ஒரு தட்டு வறுவல், கொஞ்சம் ஊர்வம்பு. பிறகு போய்விடுவார்.

அந்த வியாழக்கிழமைகளுக்காகத்தான் நஸ்தித்தி கடையின் முன்பக்கத்தில் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டாள் என்பது சர்மி அக்காவின் கட்சி. சர்மி அக்கா கொதிக்கும் எண்ணெயின் முன்னால் நின்று தெம்பே பொரிப்பவள். புளித்த சோயாக் கட்டியைத் தாள் போலச் சீவி, எலுமிச்சை இலை நறுக்கிப்போட்ட மாவில் தோய்த்து அவள் எண்ணெயில் விடும் லாவகத்துக்குச் சமமாக ஒன்று உண்டென்றால், அது அவள் வாய்.

"பாங், பாங்னு கூப்பிடறியே தித்தி, அர்த்தம் தெரிஞ்சுதான் கூப்பிடறியா?"

"அண்ணன்னு அர்த்தம். அவங்க பக்கத்து ஆம்பளைங்கள அப்படித்தான் கூப்பிடணும்."

"அவங்க பக்கத்துல புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன்."

"எண்ணெய் புகையுது, அதப் பாருங்கக்கா."

"எண்ணெய் புகையல. வேற எதுவோ புகையுது."

நஸ்தித்திக்கு முப்பத்தேழு வயது. சித்தி யாத்மி தொடங்கிய கடையை அவளுக்குப் பிறகு இவள் ஏற்று நடத்துகிறாள். மலாங்குக்குப் போகும் பழைய சாலையில் சுற்றுலா பஸ்கள் நின்று, ஜனங்கள் இறங்கிக் கைகொள்ளாமல் 'யாத்மி வறுவல்' வாங்கிப்போன காலம் ஒன்று இருந்தது. புதிய டோல் ரோடு வந்த பிறகு பஸ்கள் மேலேயே பறந்துவிட்டன. நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்புகிறவர்கள் வாங்கிப்போவதில்தான் வருஷத்தின் பாதி வியாபாரம். போன பெருநாளுக்குப் பொரித்ததில் பாதி அப்படியே தங்கி, தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இரண்டு மாதம் பள்ளிக்கூடத்துக்கு வறுவல் கொண்டுபோனார்கள். இந்த வருஷமும் அப்படி என்றால் சர்மி அக்காவை வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான்.

"வெளியாளை வெச்சாவது விளம்பரம் பண்ணு தித்தி" என்றாள் சர்மி அக்கா.

நஸ்தித்தி யோசித்தாள். அவளுக்கு ஒரு யுக்தி தோன்றியது. அடுத்த வியாழக்கிழமை டீயை வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தப் பெருநாளுக்கு விளம்பரத்துக்கு வெளியாள் யாரையாவது வைக்கலாமான்னு பாக்கறேன். நமக்குத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க, என்ன செய்யறது..."

ஜாவாவில் இதற்குமேல் வெளிப்படையாக ஒரு பெண் பேசமுடியாது. கல்லும் கரைந்து 'நான் இருக்கேனே' என்று சொல்லியிருக்கும்.

"ரொம்ப நல்லது! கண்டிப்பா வையுங்க" என்றார் ஹாலிம், தெரு முழுக்கக் கேட்கும்படி. "ஒருத்தரோட நிக்காதீங்க. நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசுங்க."

உள்ளே சர்மி அக்கா கரண்டியைக் கீழே போட்டாள்.

அந்தக் கோபத்தில்தான் நஸ்தித்தி உண்மையிலேயே கூப்பிட்டாள். மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவன் சுரபாயாவிலிருந்து ரெவால்டோ. வெள்ளைச் செருப்பு, கறுப்புக் கண்ணாடி, பெட்டிக்குள் ஒரு ட்ரோன். உட்கார்ந்தவுடன் கேட்டான், "உங்க கடையோட கதை என்ன மேடம்? ஜனங்க பொருளை வாங்கறதில்ல, கதையைத்தான் வாங்கறாங்க."

"கதைன்னு ஒண்ணும் இல்லையேப்பா. எங்க சித்திக்கு மத்தியானத்துல தூக்கம் வராது. சும்மா உக்காந்திருக்கப் பிடிக்காம வறுவல் போட ஆரம்பிச்சாங்க."

அவன் முகம் வாடியது. "அதை வெச்சு ஒண்ணும் பண்ணமுடியாதே. வறுமை, கண்ணீர், அந்த மாதிரி? ஒரு பாட்டி? பாட்டி இருந்தா பிச்சிக்கிட்டுப் போகும்."

"பாட்டி பாங்க்ல வேலை பாத்தாங்க."

அவன் கண் உள்பக்கம் போனது. எண்ணெய்ச் சட்டிமுன் சர்மி அக்கா நின்றிருந்தாள். "அவங்க தலையில கொஞ்சம் மாவு தூவினா..."

நாற்பத்தெட்டு வயது சர்மி அக்கா அன்று சொன்னதை இங்கே எழுதமுடியாது.

அடுத்து வந்தவர் விர்யவான் சார், கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே இதையும் செய்பவர். வறுவல் கடிக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் மனநிலை என்ன என்று முதலில் கண்டறியவேண்டும் என்றார். கடைக்கு வந்த ஒரு லாரி ஓட்டுநரிடம், சாப்பிடும்போது நீங்கள் தனிமையை உணர்கிறீர்களா என்று கேட்டார். அந்த மனிதர் வாங்கிய பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது ஹெஸ்தி அம்மா. மலாங்கில் பாதிக் கடைகளின் விளம்பரம் அவர் கையில்தான். பாத்திக் சட்டை, மெல்லிய குரல், சரியான இடத்தில் சரியான சிரிப்பு. பெருநாளுக்கு ஊர் திரும்பும் கார்களை டோல் ரோட்டிலிருந்து இறக்கிப் பழைய சாலைக்குக் கொண்டுவர என்ன செய்யவேண்டும் என்று அவர் பேசியதில் விஷயம் இருந்தது. இரண்டாவது தடவை கேட்ட பிறகே டீயை எடுத்தார். நல்ல மனுஷி.

மூன்று பேர் சொன்னதிலும் ஒன்று மட்டும் பொதுவாக இருந்தது. பை மாறவேண்டும். புதிய வடிவம், புதிய அச்சு. அச்சு அவரவர்களுடைய அச்சகத்திலேயே.

அதாவது வியாழக்கிழமை கிடையாது.

அவர்களை மறுக்க நஸ்தித்திக்குத் தெரிந்த வழிகள் எல்லாவற்றையும் அவள் செய்தாள். ரெவால்டோவிடம் "ரொம்ப அழகா இருக்குப்பா, பாக்கலாம்" என்றாள். விர்யவான் சாரிடம் "நல்ல யோசனை சார், சொல்லி அனுப்பறேன்" என்றாள். ஹெஸ்தி அம்மாவிடம் கொஞ்சம் தடுமாறி, "நோன்பு வரட்டுமே" என்றாள். இத்தனை தெளிவாக மறுத்த பிறகும் அவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

ரெவால்டோ ட்ரோனைப் பறக்கவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் போட்டிக்கு வளர்த்த புறாக்கள் மிரண்டு ஆளுக்கொரு திசையில் போக, அவர் மாலை வரை தகரத்தைத் தட்டிக்கொண்டு ஊர்க் கூரைகளைப் பார்த்து நின்றார். விர்யவான் சாரின் மாணவர்கள் கடைவாசலில் நின்று வருகிறவர்களின் மனநிலையைக் குறித்துக்கொண்டார்கள். ஹெஸ்தி அம்மா அனுப்பிய பெண் ஒருத்தி, ஃபோனைக் குச்சியில் மாட்டி, ஒரு வறுவலைக் காதுக்குப் பக்கத்தில் கடித்து, லட்சம் பேருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தாள். அன்று மாலையே நான்கு கார்கள் வந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

வியாழக்கிழமை வந்த ஹாலிம் இதையெல்லாம் கேட்டு, புறாக்காரருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

"மூணு பேரையுமா வெச்சுட்டீங்க?"

"நான் எங்க வெச்சேன்? மூணு பேரையும் வேண்டாம்னுதானே சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

அவள் சொன்னாள். அவர் டீ குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இதுல எங்கயும் வேண்டாம்னே வரலையே!"

"வீட்டுக்கு வந்தவங்க மூஞ்சியைப் பாத்து அப்படிச் சொல்வாங்களா?"

"சரி, விடுங்க. யாரைப் பிடிச்சிருக்கு, அதச் சொல்லுங்க."

அவள் டீ கோப்பையின் கீழிருந்த ஈர வட்டத்தை விரலால் துடைத்தாள். ஹாலிமே விசாரணையை ஆரம்பித்தார். யார் நேரில் வேலை செய்வார்கள், யார் ஆள் அனுப்புவார்கள்? பெருநாளுக்குப் பிறகும் கூட இருப்பார்களா? அவர்களுடைய பழைய வாடிக்கையாளர் ஒருவரிடமாவது பேசினாளா? ஒவ்வொன்றாகக் கேட்டு, விரல்களை மடக்கி, கடைசியில் மேசையைத் தட்டினார்.

"ஹெஸ்தி அம்மாதான். சந்தேகமே இல்ல. வேலை தெரிஞ்சவங்க. அவங்களுக்கே குடுங்க."

நஸ்தித்தி நிமிர்ந்தாள். "அவங்களுக்குக் குடுத்தா பையும் அவங்களே அடிச்சுக்குவாங்க."

"தெரியும்."

"உங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

"வருத்தம் இல்லாம? நல்லா வருத்தம்தான்" என்றார் ஹாலிம், மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. "இந்த வேலையை நான் செஞ்சா எப்படிச் செய்வேன்னு ஆறு வருஷமா பைக்ல போகும்போதெல்லாம் யோசிச்சிருக்கேன். ஆனா நீங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டீங்களே."

அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிப் போன பிறகும் நஸ்தித்தி அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆறு வருஷம்! ஒரு மரியாதைக்குச் சொன்ன வார்த்தையை ஒரு மனிதர் ஆறு வருஷம் பத்திரமாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அதை மீறாமல் இருப்பதுதான் அவள்மேல் வைக்கும் மரியாதை என்று நினைத்திருக்கிறார். கோபப்படுவதா, அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீயாவது கேட்டிருக்கலாம்ல" என்றாள் சர்மி அக்கா, சேலை முந்தானை போல் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு.

"நான் கேட்டா அவரால மாட்டேன்னு சொல்ல முடியுமா? கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடாதா?"

"அந்தாளா? அவருக்குப் பிடிக்கலைன்னா மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, இன்னொரு தட்டு வறுவலும் கேப்பாரு. நீ ஜாவாக்காரனைக் கேக்கற மாதிரி பயந்துக்கிட்டு பத்தாக்குக்காரரைக் கேக்காம இருக்க."

நஸ்தித்திக்கு அன்றிரவு நல்ல தூக்கம் வரவில்லை. சித்திக்கு மத்தியானத்தில் வராதது போல.

அடுத்த வியாழக்கிழமை, யார் செய்த புண்ணியமோ, மூவரும் ஒரே நேரத்தில் ஒப்பந்தத்தோடு வந்து சேர்ந்தார்கள். நாற்காலி போதாமல் ரெவால்டோ எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தான். மூன்று பேரும் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார்கள், இவர்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்பது நாகரிகமில்லை என்பதால். பின்னாலேயே ஹாலிமும் பைக்கட்டைச் சுமந்துகொண்டு வந்தார். கூட்டத்தைப் பார்த்து, ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"இதுதான் கடைசிக் கட்டுன்னு நெனைக்கிறேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் குரல் தெருவரை போகவில்லை. அவள் பக்கத்திலேயே விழுந்தது.

நஸ்தித்தி டீத் தட்டை மேசையில் வைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு வேண்டாம்."

மூன்று பேரும் ஒப்பந்தத்தை மேசையில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்கள்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்றார் ஹெஸ்தி அம்மா, அன்பாக. "எங்களுக்கு இதுல ஒரு சிரமமும் இல்ல."

"சிரமம்னு சொல்லல. நிஜமாவே வேண்டாம்."

"விலையைப் பத்தி யோசிக்கிறீங்க போல மேடம்" என்றான் ரெவால்டோ. "ட்ரோனுக்குத் தனியா வாங்கல, போதுமா?" விர்யவான் சார் தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டு, "தயக்கம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

நஸ்தித்திக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் மனதில் உள்ளதை அப்படியே சொல்கிறாள், ஒருத்தரும் நம்பவில்லை.

"அதெப்படி நாங்க விட்டுட்டுப் போவோம்?" என்று ஹெஸ்தி அம்மா முறைப்படி மூன்றாவது தடவையும் கேட்டார். "நோன்புக்கு முன்னால ஆரம்பிச்சுடலாம். உங்க மனசுக்குப் பிடிச்ச மாதிரி."

"வேண்டாம்மா" என்றாள் நஸ்தித்தி. "நீங்க செஞ்சதுக்கு உண்டானதைக் குடுத்துடறேன். உங்க யோசனை நல்ல யோசனை. ஆனா வேண்டாம்."

மூன்றாவது 'வேண்டாம்' என்பது ஜாவாவில் சட்டம். ஹெஸ்தி அம்மாவின் சிரிப்பு நின்று, பிறகு வேறுமாதிரியாக மறுபடி மலர்ந்தது. சுவரில் சாய்ந்திருந்தவரைப் பார்த்தார். ஏற்கெனவே அவருக்கென்று தட்டில் தனியாக வைத்திருந்த, பால் விடாத, சர்க்கரை குறைந்த டீயைப் பார்த்தார்.

"ஓ. உங்களுக்கு ஆள் இருக்கு" என்று எழுந்தார். "வாங்க தம்பி, வாங்க சார். போற வழியில எங்கயாவது சாப்பிடலாம்." போகும்போது வறுவல் பொட்டலம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார், வேண்டாம் என்று நஸ்தித்தி மூன்று தடவை சொல்லியும்.

கடை காலியானது. ஹாலிம் மெதுவாக வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். டீயை எடுக்கவில்லை. எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பவர்போல இருந்தார்.

"நீங்க மூணு தடவை சொன்னப்புறம்தான் அவங்க நம்பினாங்க."

"எங்க ஊர் வழக்கம் அது."

"அப்ப ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொன்னா?"

"அது டீ வேண்டாம்னு சொல்ற மாதிரி."

"டீ வேண்டாம்னா குடுக்க மாட்டீங்கதானே?"

"யாரு சொன்னா? கட்டாயம் குடுப்போம்."

ஹாலிமின் வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. நஸ்தித்தி இத்தனை வருஷத்தில் பார்க்காத ஒன்றைப் பார்த்தாள். பத்தாக்குக்காரர் ஒருவருக்குப் பேச்சு வரவில்லை.

"ஆறு வருஷமா..." என்றார் கடைசியில். "ஒருத்தரும் என்கிட்ட சொல்லலையே!"

"சொல்ற விஷயம் இல்ல பாங் அது."

"அப்ப நான் இப்ப ரெண்டாவது தடவையா..."

"கேக்காதீங்க" என்றாள் அவசரமாக. "நீங்க கேட்டா நான் மறுபடியும் எதுக்குச் சிரமம்னுதான் சொல்வேன். வாய் பழகிடுச்சு. நீங்களும் சரின்னுட்டுப் போயிடுவீங்க. இன்னொரு ஆறு வருஷம் என்னால முடியாது."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது. எண்ணெய் காய்ந்து புகைவதைப்பற்றி சர்மி அக்காவுக்கு இப்போது ஒரு கவலையும் இல்லை. நஸ்தித்தி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். தெருவைப் பார்த்துப் பேசலாமா என்று ஒரு கணம் நினைத்து, பிறகு அவரைப் பார்த்தே சொன்னாள்.

"இந்தக் கடை விளம்பரத்தை நீங்களே பாத்துக்குங்க, பாங். கூலி வாங்கிக்கணும், வேண்டாம்னு சொல்லக் கூடாது. அப்புறம் வியாழக்கிழமைல மட்டும் வர்ற பழக்கத்தை விட்டுடுங்க. தினமும் வாங்க."